கழுவாமல் வைத்த ரோல்

யூனிட்டுக்குக் கிளம்பும் முன் ஆத்தப்பன் தினமும் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். அம்மா ஹாலில், டிவிக்கு மேலே, சந்தன மாலைக்குள் இருந்தாள். மற்ற வீடுகளில் செய்வதுபோல ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிற ஆள் இல்லை அவர். நின்று நிதானமாக எல்லாக் கதையும் பேசுவார். ஆர்டர் கொடுத்த பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்பியது, பிரிண்டிங் டேபிளில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் பீகாருக்கு ரயில் ஏறியது, முட்டி வலி, ஒன்று பாக்கி விடமாட்டார். ஐம்பது தாண்டிய ஆள், பனியன் நெஞ்சில் படம் அச்சடிக்கிற யூனிட்டுக்கு முதலாளி, போட்டோ முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

அம்மா மயிலாள் காய்ச்சலில் போனபோது அவர் நடை பழகிக்கொண்டிருந்தார். முகம் ஞாபகமில்லை, குரலும் ஞாபகமில்லை. அவருக்குத் தெரிந்த அம்மா அந்தச் சட்டத்துக்குள் இருந்தவள்தான். மெலிந்த முகம், காதில் தோடு, கழுத்தில் அட்டிகை, நேராகப் பார்க்கிற பெரிய கண்கள். அந்தக் கண்களில் லேசாக ஒரு பயம் தெரியும். பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று சின்ன வயசில் முடிவு கட்டினார். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

மயிலாள் இறந்த வருசமே அப்பா அவளுடைய தங்கை தெய்வாத்தாளைக் கட்டிக்கொண்டார். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டுமே. தெய்வாத்தாளுக்கென்று ஒன்றும் பிறக்கவில்லை. இந்த ஒன்றைத்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். வளர்த்ததற்குக் கிடைத்தது 'சின்னம்மா' என்ற பேரும் மரியாதையான ஒரு தூரமும். ஆத்தப்பன் அவளைக் கடிந்து ஒரு சொல் பேசியது கிடையாது. பேசியதே கம்மி. மாத்திரை, கண் ஆபரேசன், நல்ல நாளுக்குச் சேலை, எதிலும் குறை வைக்கமாட்டார். விருந்தாளிக்கு ஒருத்தர் எப்படிக் குறை வைக்கமாட்டாரோ அப்படி.

சின்னப் பையனாக இருந்தபோது சின்னம்மா அடித்துவிட்டால் நேராக போட்டோவிடம் ஓடுவார். "ஆத்தா, நீ வந்து அவளக் கேளு" என்று கத்துவார். அடுப்படியில் தெய்வாத்தாள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். தூரத்து உறவுக் கிழவிகள் யாராவது போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "அக்காளும் தங்கச்சியும் உரிச்சு வெச்சாப்ல இருக்கறாங்க" என்றால் பையனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்க ஆத்தா எங்கே, இவங்க எங்கே. வளர்ந்த பிறகும் அந்தக் கோபம் அவரைவிட்டுப் போகவில்லை.

இந்த வருசம் ஆடி அமாவாசைக்குக் குன்னத்தூர்த் தோட்டத்தில் அம்மாவுக்குச் சிலை வைப்பதென்று தீர்மானித்தார். பூண்டியில் சிற்பி தண்டாயுதபாணியிடம் சொல்லி, கல்லும் பார்த்தாயிற்று. விசயத்தை வீட்டில் சொன்னபோது தெய்வாத்தாள் கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"கல்லுல வேண்டாங் கண்ணு."

"ஏனுங்க சின்னம்மா?"

"அதான் போட்டோ இருக்குதல்ல. கல்லுன்னா அழியாதே."

"அழியக் கூடாதுன்னுதானுங்க வெக்கறது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அக்காள் செத்து இத்தனை வருசம் ஆகியும் இந்தம்மாவுக்குப் பொறாமை தீரவில்லை பார் என்று மனசுக்குள் பொருமினார். அடுத்த நாள் காலையில் அதைப் போட்டோவிடமும் சொன்னார்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் தண்டாயுதபாணி போன் செய்தார்.

"மொகம் வந்துருச்சுங்க. கண்ணு மட்டும் தொறக்காம நிறுத்தி வெச்சிருக்கறேன். நீங்க குடுத்த படத்தப் பெருசு பண்ணுனாக் கண்ணோரமெல்லாம் மசமசன்னு போகுதுங்க. இது படத்தப் படம் புடிச்சதாட்ட இருக்குது. ஊட்டுல மூல நெகட்டிவ் இருந்தாத் தேடிப் பாருங்க."

அப்பா இறந்தபின் யாரும் திறக்காத இரும்புப் பெட்டி மாடியில் கிடந்தது. பத்திரங்களுக்கும் பழைய வேட்டிகளுக்கும் அடியில், எப்போதோ மூடிப்போன குன்னத்தூர் ஸ்டுடியோ ஒன்றின் மஞ்சள் உறை. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நெகட்டிவ். கூடவே சிவப்புத்தாள் சுற்றி, வாயில் எச்சில் தொட்டு ஒட்டிய பட்டையோடு, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிலிம் ரோல்.

இரண்டையும் மகள் தரணியிடம் கொண்டுபோனார். தரணி கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்து யூனிட்டுக்கு டிசைன் போடுகிறவள். ஊரே போனில் படம் எடுக்கிற காலத்தில் இவள் மட்டும் பழைய கேமராவில் ரோல் போட்டு, தானே கழுவி, தானே ஸ்கேன் பண்ணிக்கொண்டிருப்பாள். எல்லாம் வயித்துக் கொழுப்பு என்று அவள் அம்மா திட்டுவாள். அந்தம்மா இப்போது மூத்த மகளின் பிரசவத்துக்குப் பெங்களூரில் இருந்ததால் திட்ட ஆளில்லை.

"இது எடுத்து முடிச்ச ரோலுங்கப்பா. ஆனாக் கழுவவே இல்ல" என்றாள் தரணி, சிவப்புத்தாளை முகர்ந்து பார்த்து.

"அப்ப இதுக்குள்ள ஆத்தா இருக்குமா?"

"இருக்கலாமுங்க. மொதல்ல நெகட்டிவப் பாத்துரலாம்."

அச்சு ஸ்கிரீன் தயாரிக்கிற, யூனிட்டின் எக்ஸ்போசிங் ரூமில், ஸ்கிரீனுக்கு வைக்கும் பிலிமைச் சரிபார்க்கிற விளக்கு மேசை இருந்தது. பக்கத்திலேயே ஸ்கேனர். நெகட்டிவின் ஓரமெல்லாம் ஒரு கருப்புத்தாள் ஒட்டி மறைத்திருந்தது. பிரிண்ட் போடும்போது முகமும் தோளும் மட்டும் விழவேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் செய்த வேலை. தரணி தாளை மெதுவாக உரித்தாள். ஸ்கேன் ஆகி, கருப்பு வெளுப்பாகி, வெளுப்பு கருப்பாகி, கம்ப்யூட்டரில் முழுப்படமும் வந்தது.

அம்மாவுக்குக் கை இருந்தது! மடியில் ஒன்றோடொன்று பின்னிய மெல்லிய விரல்கள். நாற்காலிக்குக் கீழே வெறுங்கால்கள்கூடத் தெரிந்தன. இத்தனை வருசம் தோளுக்குக் கீழே அம்மாவுக்கு எதுவுமே இருந்ததில்லை. "ஆத்தா கையப் பாரு கண்ணு, கையப் பாரு" என்று குழந்தைபோல மகளின் தோளைத் தட்டினார்.

தரணி கையைப் பார்க்கவில்லை. படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது என்னங்க?"

நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெஞ்சின் நுனி. பெஞ்சின்மேல் வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள், கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கிழிசல் துணியால் கட்டியிருந்தது.

எந்த மாதிரிக் காலுக்கு அப்படிக் கட்டுவார்கள் என்று இந்த மண்ணில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அம்மா நகையெல்லாம் போட்டு, கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பிணம் கிடக்கிறது.

"அன்னைக்கு ஊட்டுல ஆரோ செத்திருக்கறாங்க. அப்பாயியா இருக்கும்" என்றார். சொன்ன வாய் மூடுமுன்பே அது தப்பு என்று தெரிந்தது. அப்பாவைப் பெற்ற அப்பாயி அவருடைய கல்யாணத்துக்கு இருந்து வாழ்த்தியவள். அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் அதற்குப் பின்னும் இருந்தார்கள். அப்படியானால் அது யார்?

"சின்னப்பாயிகிட்டக் கேக்கலாமுங்களா?" என்றாள் தரணி. தெய்வாத்தாளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அவங்கள எதுக்குக் கேக்கோணும்? அந்த ரோலக் கழுவு."

"ரொம்பப் பழசுங்க. ஒண்ணுமே இல்லாமப் போனாலும் போகும்."

"கழுவு கண்ணு."

தரணி மஞ்சள் விளக்கையும் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆத்தப்பன் வெளியே நின்றார். பிரிண்டிங் டேபிளில் பையன்கள் ஒரு குழந்தை பனியனுக்குக் கரடிப் படம் அடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ சிரித்தார்கள். நடுவில் சூப்பர்வைசர் வந்து கலர் ஷேடு காட்டினான். என்னவென்றே பார்க்காமல் ஓகே என்று தலையாட்டினார். உள்ளே இருட்டில் பிலிம் சுருண்டு சுருண்டு கையைவிட்டு நழுவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். ஆத்தா, நீ மட்டும் உயிரோட அதுல இருந்துரு, வேற எதுவும் எனக்கு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

பாதி ரோல் புகைபோல வெளுத்திருந்தது. மூன்று படங்கள் தேறின. காயவைத்து ஸ்கேன் செய்து ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

முதல் படத்தில் தலைப்பாகையோடு அப்புச்சி, சுற்றிலும் ஆண்கள். இரண்டாவதில் முழுசும் புள்ளிபுள்ளியாக இருந்தது. மூன்றாவது மட்டும், விட்டுவைத்த மாதிரி, தெளிவாக வந்தது.

பெஞ்சில் தலையணையை அண்டக்கொடுத்து ஒரு பெண்ணைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. தாடையைச் சுற்றித் துணி. அகலமான முகம், கொஞ்சம் எடுத்த பல், தடித்த புருவம். அந்த முகத்தை ஆத்தப்பன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பக்கத்தில் அப்பா, மீசைகூடச் சரியாக முளைக்காத அப்பா, குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் அரைஞாண் கட்டிய ஒரு குழந்தை. குழந்தையின் கையை யாரோ பிடித்து அந்தச் செத்த பெண்ணின் மடியில் வைத்திருந்தார்கள். கடைசிப் படத்தில் புருசனும் பிள்ளையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது வழக்கம்.

பெஞ்சின் தலைமாட்டில், பாவாடை தாவணியில், காதில் கழுத்தில் ஒன்றுமில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அந்தப் பெரிய கண்களை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் அந்தக் கண்களிடம்தான் அவர் சொல்லிக்கொண்டு வருகிறார்.

ஆத்தப்பனுக்குக் காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம். ஸ்டூலில் உட்காரப்போய் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். தரணி படத்தைத் தாளில் அடித்து எடுத்தாள்.

"அப்பா, அப்ப நாம மால போட்டிருக்கறது..."

"சொல்லாதே."

உயிரோடிருக்கிறவர் படத்துக்குத் தெரியாமல் ஒரு பூ வைத்துவிட்டால்கூட, பதறியடித்து எடுத்துவிட்டு, தலையைச் சுற்றிக் கழித்துப்போடுகிற குடும்பம் அது. அந்தக் குடும்பம் ஐம்பது வருசமாக ஒருத்தியை உயிரோடு வைத்துக்கொண்டே மாலை போட்டிருக்கிறது. அந்த மாலையைத் தினமும் துடைத்தவளும் அவள்தான்.

வெளியே வந்து தண்டாயுதபாணிக்குப் போன் போட்டார். "கண்ணத் தொறந்துராதீங்க."

"ஏனுங்க, நெகட்டிவ் கெடைக்கலீங்களா?"

"கெடச்சுதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது தெய்வாத்தாள் ஹாலில் தரையில் உட்கார்ந்து, படையலுக்கு அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் படையல் அவள் கைச் சமையல்தான், வேறு யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டாள். நேரம்கெட்ட நேரத்தில் இருவரும் வந்து நிற்பதைப் பார்த்து, "என்ன கண்ணு, ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்றாள்.

ஆத்தப்பன் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, போட்டோவின் மாலையைக் கழற்றினார். அவசரத்தில் போட்டோவும் கையோடு வந்துவிட்டது. இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கேட்க நினைத்தது நிறைய. வாயில் வந்தது ஒன்றுதான்.

"இது ஆருங்க?"

தெய்வாத்தாள் அவரைப் பார்த்தாள். தரணியையும் அவள் கையிலிருந்த மஞ்சள் உறையையும் பார்த்தாள். நாரெடுத்த காயை முறத்தில் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உங்கொப்பன் அந்த ரோலத் தூக்கிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள்.

"ஏனுங்க இப்பிடிப் பண்ணுனாங்க?"

"அக்காளுக்கு ஒரு போட்டோகூட இல்ல கண்ணு. கல்யாணத்துல எடுக்கல, பொறவு நேரமில்ல. போட்டோக்காரர் பொணத்தத்தான் எடுக்க வந்தாரு. எடுத்துப்போட்டு, கண்ணு மூடிக் கெடக்கற படத்தச் செவுத்துல மாட்டுனாப் புள்ள பயந்துக்குமேன்னாரு. அந்த ரோலக் கழுவாமலே உங்கொப்பங்கிட்டக் குடுத்துட்டாரு. அப்புச்சி என்னையப் பாத்தாரு. அக்காளும் தங்கச்சியும் ஜாடை ஒண்ணுதானே, இவள உக்கார வெச்சு எடுங்கன்னுட்டாரு. அக்கா காதுல கெடந்தத அப்பிடியே கழட்டி எங்காதுல போட்டாங்க. தோடு சில்லுன்னு இருந்துச்சு. அவ சேலையச் சுத்தி உட்டாங்க. நான் அழுதுட்டே இருந்தேன். அழுதாக் கண்ணு செவந்து படத்துல தெரியும், அழுகாதேன்னு போட்டோக்காரர் அதட்டுனாரு. அழுகய முழுங்கிக்கிட்டு உக்காந்தேன்."

அந்தக் கண்களில் இருந்த பயம் என்னவென்று ஆத்தப்பனுக்கு இப்போது தெரிந்தது. பதினஞ்சு பதினாறு வயசுப் பெண், முதுகுக்குப் பின்னால் செத்த அக்காளை வைத்துக்கொண்டு, அக்காளாக உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்பா போனதுக்கப்பறமாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க. நான் உங்களுக்கு... மால போட்டு... சூடம் காட்டி..." கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தார். "எலை போட்டுப் படைச்சனேங்க."

"எலை போட்டது நானு. நீ கும்புட்டே, அவ்வளவுதான்." தெய்வாத்தாள் சிரிக்கக்கூடச் செய்தாள். "மொத வருசம் பயந்து நடுங்குனேன். பொறவு பழகிப்போச்சு. காக்காய்க்கு வெக்கறப்ப அக்கா பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன். சொல்லலாம்னு நெனப்பேன். சொன்னா அக்கா எடத்தப் புடிக்கப் பாக்கறேன்னு நெனப்பியோன்னு இருக்கும். அப்பறம் நீ அதுகிட்டப் பேசுவியல்லோ. எங்கிட்டத்தான் பேசமாட்டே. அடுப்படியில நின்னு கேட்டுக்குவேன். உனக்கு முட்டி வலின்னு எனக்கு எப்பிடித் தெரியும்னு நெனச்சே?"

ஆத்தப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் தைலப்புட்டி இருக்கும். மனைவி வைக்கிறாள் என்றே நினைத்திருந்தார். மனைவி பெங்களூர் போன பிறகும் புட்டி இருந்ததை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. சின்னம்மாவைப் பற்றி அந்தப் போட்டோவிடம் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கத்தில் தலையை நிமிர்த்த முடியவில்லை.

தரணிதான் அந்தத் தாளை நீட்டினாள். "சின்னப்பாயி, இத நீங்க பாக்கோணுங்க."

தெய்வாத்தாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைத் தூரத்தில் பிடித்தாள். கிட்டத்தில் பிடித்தாள். "இது அப்பன். இந்தக் கொழந்த நீயி. இந்தத் தாவணி நானு. நடுவால கெடக்கறது ஆரு?" என்றாள்.

அவள் விரல் அந்த எடுத்த பல்லின் மேல் போய் நின்றது.

"அக்கா" என்றாள். "அய்யோ, எங்க அக்கா. இந்தப் பல்லுதான், இந்தப் பல்லக் கேலி பண்ணித்தான் நாங்க சண்ட போடுவோம். எனக்கு மறந்தே போச்சே சாமி. தெனமும் என் மொகத்தயே பாத்துப் பாத்து, அக்காளும் இப்பிடித்தான் இருந்தான்னு நானே நம்பிட்டனே!"

தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார வைத்து முழுங்கச் சொன்ன அழுகையை அழ ஆரம்பித்தாள். பச்சையாகச் சாவு விழுந்த வீட்டில் மட்டும் கேட்கிற அழுகை அது. மாரில் அடித்துக்கொண்டு, அக்கா அக்கா என்று கூப்பிட்டு, முறம் கவிழ்ந்து காய் சிதறுவதுகூடத் தெரியாமல் அழுதாள். ஆத்தப்பன் அந்த உடம்பைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எட்டி இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது. பெற்றவளுக்காக அழுகிறோமா வளர்த்தவளுக்காக அழுகிறோமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் பாத்திரம் கழுவிய கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, ஆருக்கு என்னாச்சுங்க?"

"எங்கம்மா தவறிட்டாங்கங்க" என்றார் ஆத்தப்பன்.

ஜானகியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கைக்குள் அழுதுகொண்டிருந்த தெய்வாத்தாளைப் பார்த்தாள். தரையில் மாலையில்லாமல் கிடந்த போட்டோவைப் பார்த்தாள்.

"எப்பங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத்தானுங்க."